மேலைநாட்டு மெய்யியலும் சைவ சித்தாந்தமும் கண்ட இறைவன்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது, பொருள் தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. ஒரு மாணவன் கேட்ட கேள்வி நெடுநாளாக என் மனத்தில் கிடந்தது. அதற்கு நான் சொன்ன பதில் சரியானதன்று என்ற உறுத்தலும் கூடவே கிடந்தது. அந்தக் கேள்வியைத் துணையாகக் கொண்டு, இறைவனைப் பற்றி மேலைநாட்டு அறிஞர்கள் என்ன எண்ணினார்கள், நம் ஆன்றோர் என்ன எண்ணினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது லாயாங் லாயாங் ஒரு சிற்றூர். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் மரங்கள். இன்று பெரும்பாலும் செம்பனை. தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், ஞாயிறு காலையில் ஆலய மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு நடத்தி வருகிறேன். வகுப்பில் கெட்டிக்காரனாக இருந்த ஒரு பையனின் தந்தை, இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் விபத்தில் இறந்து போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு கலைந்ததும் அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஐயா, சாமி நல்லவர்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. எங்கப்பாவும் நல்லவர்தானே? அப்புறம் ஏன் ஐயா?"

"எல்லாம் வினைப்பயன்தான் தம்பி. அவரவர் செய்த வினையை அவரவர் அனுபவிக்க வேண்டும்" என்றேன். நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிப் பழகிய வாசகம். நாவில் தானாக வந்துவிட்டது. அவன் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அதன் பிறகுதான், நான் பாடமாகச் சொல்லிக் கொடுத்ததை நானே மீண்டும் படிக்கத் தொடங்கினேன். இதே கேள்வியை மேலைநாட்டார் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தேன். படித்ததில் எனக்குத் தெளிந்தவற்றை இங்கே வைக்கிறேன்.

ஒரே நூற்றாண்டில் இருவர்

கி.பி. 13ஆம் நூற்றாண்டு. நடுநாட்டுத் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்ட தேவர் சிவஞான போதத்தை அருளினார். நூற்பாக்கள் 12, வரிகள் 40. ஏறத்தாழ அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் தாமஸ் அக்குவினாஸ் (1225-1274) என்னும் கத்தோலிக்கத் துறவி, இறையியல் முழுவதையும் தொகுத்துரைக்கும் மிகப் பெரிய நூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். ஒருவர் அளவிற் சுருங்கிய நூலும், மற்றவர் அளவிற் பெருகிய நூலும் செய்தனர். ஆனால் இருவரும் தொடங்கிய இடம் ஒன்றே. கண்முன் தெரியும் உலகத்திலிருந்து தொடங்கி, கண்ணுக்குத் தெரியாத இறைவனை அறிவினால் உய்த்துணர வேண்டும் என்பதே அந்த இடம்.

அக்குவினாஸ் இறைவன் உண்டு என்பதற்கு ஐந்து வழிகளைக் காட்டினார். அசைவதெல்லாம் வேறொன்றால் அசைக்கப்படுகிறது. ஆகவே தான் அசையாது பிறவற்றை அசைக்கும் முதல்வன் ஒருவன் வேண்டும் என்பது முதல் வழி. விளைவுகளுக்கெல்லாம் முதற்காரணம் ஒன்று வேண்டும் என்பது இரண்டாவது. இருந்தும் இல்லாமலும் போகக்கூடிய பொருள்களுக்கு, என்றும் இருந்தே தீரவேண்டிய ஒன்று ஆதாரமாக வேண்டும் என்பது மூன்றாவது. நன்மையிலும் உண்மையிலும் ஏற்றத்தாழ்வு காண்பதால் அவற்றின் உச்சம் ஒன்று வேண்டும் என்பது நான்காவது. அறிவில்லாத பொருள்களும் ஒரு குறியை நோக்கிச் செல்வதால், அம்பைச் செலுத்தும் வில்லாளன் போல அவற்றைச் செலுத்தும் அறிவுடையவன் ஒருவன் வேண்டும் என்பது ஐந்தாவது.

மெய்கண்டாரின் முதல் நூற்பாவும் இவ்வழியே செல்கிறது. ஆண் என்றும் பெண் என்றும் அஃறிணை என்றும் பிரித்துச் சுட்டப்படும் இவ்வுலகம் தோன்றுகிறது, நிற்கிறது, அழிகிறது. இம்மூன்று தொழிலுக்கும் உட்படுவதால் அது ஒருவனால் தோற்றுவிக்கப்பட்ட பொருளே. எவனிடத்தில் அது ஒடுங்குகிறதோ அவனிடமிருந்தே மீண்டும் தோன்றுகிறது; எனவே ஒடுக்குபவனே முதல்வன். இவ்வளவையும் சொல்லும்போதே, உயிர்களைப் பற்றிய மலம் நீங்க வேண்டியே உலகம் மீண்டும் உளதாகிறது என்ற காரணத்தையும் அவர் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். இந்தச் சிறு சேர்க்கையில்தான் இரு மரபுகளும் பிரியும் இடம் இருக்கிறது. அதைப் பின்னர் காண்போம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. "மேலைநாட்டார் அறிவை நம்பினார்கள், நாம் அன்பை நம்பினோம்" என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது முழு உண்மையன்று. நம் நாட்டில் நியாய மரபைச் சேர்ந்த உதயணர், 'நியாய குசுமாஞ்சலி' என்னும் நூலில் அனுமானத்தாலேயே இறைவனை நிறுவ முயன்றார். அதே நம் நாட்டில் இராமானுசர், அனுமானம் இறைவனைக் காட்டாது, மறைநூல்தான் காட்டும் என்று ஸ்ரீபாஷ்யத்தில் வாதிட்டார். மேலைநாட்டிலும் அப்படியே. அக்குவினாஸ் வழிகாட்டினார், இமானுவேல் காண்ட் (1724-1804) என்னும் செர்மானிய அறிஞரோ 1781இல் வெளிவந்த நூலில், இத்தகைய நிறுவல்கள் எதுவும் செல்லாது, அறிவுக்கு எல்லை உண்டு என்று காட்டினார். அவரும் இறைவனைக் கைவிட்டுவிடவில்லை. அறவாழ்வுக்கு வேண்டிய அடித்தளமாக இறைவனை ஏற்றுக்கொண்டார். ஆக, வாதமும் மறுப்பும் இரு பக்கத்திலும் உண்டு.

குயவனும் மண்ணும்

வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. ஒரு பானை உண்டாக மூன்று காரணங்கள் வேண்டும் என்பது நம் சித்தாந்தம். மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். உலகம் என்னும் பானைக்கு மாயை மண்ணாகவும், இறைவனுடைய சத்தி துணையாகவும், இறைவன் குயவனாகவும் அமைகின்றனர். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் (கி.மு. 384-322) பொருளுக்குரிய காரணங்களை நான்காக வகுத்தார். எதனால் ஆனது, என்ன வடிவுடையது, யாரால் ஆனது, எதன் பொருட்டு ஆனது என்பன அவை. இரண்டு நாடுகள், ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டிருக்கின்றன.

ஆனால் கிறிஸ்தவ இறையியல் மண்ணை ஏற்கவில்லை. இறைவன் இல்லாமையிலிருந்து உலகைப் படைத்தார் என்பது அதன் கொள்கை. ஒவ்வோர் உயிரும் அவரால் புதிதாகப் படைக்கப்படுவதே. உலகம் ஒரு காலத்தில் தொடங்கியது என்பதை அறிவினால் நிறுவ இயலாது, நம்பிக்கையால்தான் ஏற்க வேண்டும் என்று அக்குவினாஸ் நேர்மையோடு ஒப்புக்கொண்டார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

சித்தாந்தமோ, இல்லாதது தோன்றாது, உள்ளது முற்றிலும் அழியாது என்கிறது. நம் ஊரில் இதை விளக்குவது எளிது. செம்பனைப் பழத்தை ஆலையில் பிழிந்தால் எண்ணெய் வருகிறது. கருங்கல்லைப் பிழிந்தால் வருவதில்லை. பழத்தில் முன்பே இருந்தது வெளிப்பட்டது, அவ்வளவுதான். அதுபோல மாயையில் ஒடுங்கியிருந்த உலகமே வெளிப்படுகிறது. இறைவன் என்றும் உள்ளவன். உயிர்களும் என்றும் உள்ளவை. உயிர்களைப் பற்றிய பாசமும் என்றும் உள்ளது. பதி, பசு, பாசம் என்னும் மூன்றுமே தொடக்கம் இல்லாதவை.

இந்தக் கொள்கை மேலைநாட்டாரின் கவனத்தைச் சென்ற நூற்றாண்டுகளிலேயே ஈர்த்தது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராக இருந்த அமெரிக்க மிஷனரி ஹொய்சிங்டன் சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 1850களில் அமெரிக்காவின் கீழைநாட்டு ஆய்விதழில் வெளியாயிற்று. 1895இல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை அவர்கள் சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் தந்தார். 1897 முதல் 'சித்தாந்த தீபிகை' என்னும் இதழையும் தொடங்கி நடத்தினார். ஜி. யு. போப் ஐயர் 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, சைவ சித்தாந்தத்தைப் பற்றிய விளக்கங்களையும் அந்நூலில் சேர்த்தார். சமயத்தால் வேறுபட்டவர்கள் எத்தனை உழைப்போடு நம் நூல்களைப் பயின்றார்கள் என்று எண்ணும்போது, நாம் அவர்களுடைய நூல்களை அதே மரியாதையோடு பயில வேண்டாமா என்று தோன்றுகிறது.

லிஸ்பனும் நாகப்பட்டினமும்

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். இறைவன் நல்லவன், எல்லாம் வல்லவன், அப்படியானால் துன்பம் எங்கிருந்து வந்தது?

எல்லாவற்றையும் இல்லாமையிலிருந்து படைத்தவர் இறைவனே என்று கொண்டால், துன்பத்துக்கும் அவரே பொறுப்பாகிவிடுவாரே என்ற இடர் எழுகிறது. இதற்கு விடையாகத் தூய அகுஸ்தீனார் (354-430), தீமை தனியொரு பொருளன்று, நன்மையின் குறைவே தீமை என்றார். இருள் என்பது ஒளி இல்லாமையே என்பதைப் போன்றது இது. செர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1710இல் வெளியிட்ட நூலில், இறைவன் படைக்கக்கூடிய உலகங்களுள் இதுவே மிகச் சிறந்தது, ஆகையால்தான் இதைப் படைத்தார் என்று வாதிட்டார்.

45 ஆண்டுகள் கழித்து, 1755 நவம்பர் 1ஆம் நாள் காலை, போர்த்துகல் தலைநகர் லிஸ்பனை நிலநடுக்கம் தாக்கியது. அன்று அனைத்துப் புனிதர் திருநாள். மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்தனர். இடிபாடும், கடல் அலையும், தொடர்ந்து பற்றிய தீயும் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டன. வழிபட வந்தவர்கள் மீதே கூரை விழுந்ததே என்று ஐரோப்பா கலங்கியது. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் 1759இல் 'காண்டீட்' என்னும் கதை எழுதி, இதுவே சிறந்த உலகம் என்ற வாதத்தை எள்ளி நகையாடினார்.

நாமும் அத்தகைய ஒரு காலைப்பொழுதைக் கண்டவர்கள்தாம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினத்து மீனவர் குடும்பங்களையும், வேளாங்கண்ணிக்கு வழிபட வந்தவர்களையும் ஆழிப்பேரலை வாரிச் சென்றது. நம் நாட்டிலும் பினாங்கு, கெடா கரைகளில் உயிர்கள் போயின. இறந்தவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருந்தனர். அங்கே நின்று, இதுவே மிகச் சிறந்த உலகம் என்று யாரால் சொல்ல முடியும்? "எல்லாம் அவர்கள் வினை" என்றுதான் யாரால் சொல்ல முடியும்?

சித்தாந்தம் இக்கேள்வியை வேறு விதமாக அணுகுகிறது. இறைவன் துன்பத்தைப் படைக்கவில்லை. நெல்லுக்கு உமியும் செம்புக்குக் களிம்பும் போல, ஆணவம் என்னும் இருள் உயிரோடு என்றும் உள்ளது. இவ்விருள் வெறும் ஒளியின்மை அன்று. உயிரின் அறிவை மறைக்கும் உள்பொருளே என்பது நம் கொள்கை. அகுஸ்தீனாருக்கும் நமக்கும் உள்ள மிக நுட்பமான வேறுபாடு இது. கண்ணீர் விடுகிறவனிடம் போய், உன் துன்பம் ஒரு பொருளே அல்ல, நன்மை சற்றுக் குறைந்திருக்கிறது என்று சித்தாந்தி சொல்லமாட்டான். துன்பம் மெய்யானதே. அந்த இருளிலிருந்து உயிரை மீட்கவே இறைவன் உடம்பையும் கருவிகளையும் உலகையும் கொடுத்தான் என்பான். இவ்வுலகம் நமக்கு மருத்துவமனை போன்றது. நோயை உண்டாக்கியவன் மருத்துவன் அல்லன்.

இதற்கு மேலைநாட்டார் கேட்கும் மறுகேள்வியையும் சொல்லியாக வேண்டும். இறைவன் படைக்காத பொருள் ஒன்று தொடக்கமின்றி உள்ளது என்றால், அவன் வல்லமைக்கு அது எல்லை ஆகாதா? எல்லாம் வல்லவன் அந்த இருளை ஒரே நொடியில் நீக்கிவிட்டால் என்ன? நம் ஆசிரியர்கள் மலபரிபாகம் என்று விடை சொல்கிறார்கள். காயைப் பிடுங்கிப் பழமாக்க முடியாது. அது கனியும் வரை காத்திருக்க வேண்டும். இறைவனுடைய ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று. அதுவும் அருளின் வேலையே.

மலாய்மொழியில் லாயாங் லாயாங் என்றால் பட்டம் என்பது நமக்கெல்லாம் தெரியும். பட்டம் விடுகிற பையன் நூலை இழுத்துப் பிடிக்கிறான். பட்டத்துக்கு வாய் இருந்தால், "ஏன் என்னைப் பிடித்து இழுக்கிறாய்?" என்றுதான் கேட்கும். நூல் அறுந்தால்தான் தெரியும், இழுத்த இழுப்பே தன்னை உயரத்தில் நிறுத்தியது என்று. மறைத்தல் என்னும் தொழிலைப் பிள்ளைகளுக்கு விளக்க நான் இந்த உவமையைச் சொல்வது வழக்கம். ஆனால் இதுவும் உவமைதான். தந்தையை இழந்து பதினாறு நாளான பையனிடம் இதைச் சொன்னால் அது ஆறுதல் ஆகாது.

வினை யாருக்குச் சொன்ன பாடம்?

என் பிழை எங்கே என்பது இங்கேதான் எனக்குப் புலப்பட்டது. வினைக்கொள்கை பொய்யன்று. அதை நான் பயன்படுத்திய இடம் தவறு.

வினையை நம் நூல்கள் மூன்றாகப் பிரிக்கின்றன. பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். இப்போது நாம் செய்து சேர்ப்பது ஆகாமியம். மற்றொருவருடைய பிராரத்தம் என்ன என்பதை அறியும் அறிவு எனக்கு இல்லை. அதை அறிந்து ஊட்டுபவன் இறைவன் ஒருவனே என்றுதான் சித்தாந்தமும் சொல்கிறது. வினை தானே போய்ப் பற்றாது, உயிருக்கும் எது தன் வினை என்று தெரியாது, ஆகவே கூட்டுவிக்க ஒருவன் வேண்டும் என்பதே இறைவன் உண்டு என்பதற்கு நம்மவர் காட்டும் காரணங்களில் ஒன்றாயிற்றே! அப்படியிருக்க, அந்தக் கணக்குப் புத்தகத்தைப் படித்தவன் போல அந்தப் பையனிடம் நான் பேசியது இறைவன் இருக்கையில் நான் அமர்ந்தது போலாயிற்று. ஆணவம் என்பது வேறென்ன?

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அவன் துயரத்தோடு என் முன் வந்து நின்ற அந்த நேரத்தில் நான் என்ன செய்தேனோ அது என்னுடைய ஆகாமியம். அவனுடைய தந்தைக்கு நேர்ந்தது எந்த வினையால் என்பது என் கணக்கில் இல்லை. அவனுக்கு நான் சொன்ன சொல் என் கணக்கில் இருக்கிறது. வினைக்கொள்கை, பிறர் துன்பத்துக்குத் தீர்ப்புச் சொல்ல நமக்குத் தரப்பட்டதன்று. நம் கடமையை நமக்கு நினைவூட்டத் தரப்பட்டதாகும்.

அறிவு நின்ற இடம்

அக்குவினாஸின் பெருநூல் முற்றுப்பெறவில்லை. 1273 டிசம்பரில் ஒரு நாள் வழிபாட்டின்போது அவருக்கு ஏதோ ஓர் அனுபவம் வாய்த்தது. அதன் பிறகு அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். தாம் கண்டதற்கு முன்னால், எழுதியவை எல்லாம் வைக்கோல் போலத் தோன்றுகின்றன என்று உடனிருந்தவரிடம் சொன்னதாக அவர் வரலாறு கூறுகிறது. அடுத்த ஆண்டு மறைந்தார். கணிதத்தில் பெரும்புலமை பெற்ற பாஸ்கல் (1623-1662), 1654இல் ஓர் இரவு தமக்கு உண்டான இறையனுபவத்தை ஒரு தாளில் எழுதித் தம் சட்டையின் உட்புறத்தில் தைத்து வைத்திருந்தார். அவர் இறந்த பிறகே அது கண்டெடுக்கப்பட்டது. தாம் கண்டது முன்னோர் வழிபட்ட இறைவனையே, தத்துவ அறிஞர்கள் பேசும் இறைவனை அல்ல என்பது அதன் கருத்து.

இவற்றைப் படித்தபோது நம் மாணிக்கவாசகர் வரலாறு நினைவுக்கு வந்தது. அவர் பாடிய பாடல்களுக்குப் பொருள் என்ன என்று தில்லை அந்தணர்கள் கேட்டபோது, கூத்தப்பெருமானைச் சுட்டி இவரே பொருள் என்று காட்டி, அச்சந்நிதியிலேயே கலந்தார் என்பது வரலாறு. சொல் நின்ற இடத்தில் பொருள் நின்றது. பாச ஞானத்தாலும் பசு ஞானத்தாலும் இறைவனை அறிய முடியாது, பதிஞானத்தாலேதான் முடியும் என்று நம் நூல்கள் சொல்வதும் இதைத்தான். இந்த ஓரிடத்தில் மேற்கும் கிழக்கும் கைகோத்து நிற்கின்றன.

ஆனால் பாஸ்கல் பேசிய அந்தப் பிளவு, அதாவது வாதத்தின் இறைவன் வேறு, வழிபாட்டின் இறைவன் வேறு என்ற பிளவு, மெய்கண்டாரிடம் இல்லை. முதல் நூற்பாவில் தருக்கம் பேசியவர், 12ஆம் நூற்பாவில் எங்கே வந்து முடிக்கிறார் என்று பாருங்கள். மலம் கழுவப்பெற்றவன் அடியார்களோடு கூடியிருக்க வேண்டும். அன்பு மிகுந்த அடியார்களின் திருவேடத்தையும் ஆலயத்தையும் இறைவனாகவே கண்டு தொழவேண்டும். இதுவே நூலின் முடிவு. உலகத்தில் தொடங்கிய ஆராய்ச்சி ஆலயத்து வாசலிலும் அடியார் கூட்டத்திலும் வந்து நிற்கிறது. இறைவன் உண்டா என்ற கேள்விக்கு விடை, தனியறையில் முடியும் வாதமாக அன்றி, கூடி வாழும் வாழ்வாக முடிகிறது. நான் 40 ஆண்டுகள் முதல் நூற்பாவை விளக்கிக்கொண்டிருந்தேன். 12ஆம் நூற்பாவுக்கு வரவே இல்லை.

விளக்கு துலக்கிய நாள்

ஆலயத் திருவிழாவுக்கு முந்திய வாரம், பெண்கள் மண்டபத்தின் பின்புறம் அமர்ந்து குத்துவிளக்குகளையும் செப்புக் குடங்களையும் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையனின் தாயாரும் இருந்தார். அவன் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தம்பி, அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் சொன்னது பதில் இல்லைப்பா. எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அப்படின்னா பதில் என்ன ஐயா?"

"உங்கப்பா ஏன் போனாருன்னு எனக்குத் தெரியாது. சாமி அதைச் சந்தோஷமாப் பார்த்துக்கிட்டு இருக்கல. அது மட்டும் எனக்குத் தெரியும்."

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா செத்த அன்னைக்கு இவங்க எல்லாரும்தான் ஐயா எங்க வீட்டுல சமைச்சாங்க. பதினாறு நாளும் வந்தாங்க" என்று, விளக்கு துலக்கிக்கொண்டிருந்த பெண்களைக் காட்டினான். சொல்லிவிட்டு அடுத்த குடத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டான்.

12ஆம் நூற்பாவுக்கு அதைவிட நல்ல உரையை நான் படித்ததில்லை. களிம்பு ஏறிய செம்பு தானாகத் துலங்குவதில்லை. தேய்க்க ஒரு கை வேண்டும். அந்தக் கைக்குரியவன் இறைவன் என்கிறது சித்தாந்தம். அந்தக் கை பெரும்பாலும் நம் அண்டை வீட்டாரின் கையாகவே வருகிறது என்பதை அன்று கண்டேன். மேலைநாட்டுச் சமயங்களும் அயலாரிடம் காட்டும் அன்பைத் தலையாய அறமாகக் கொண்டவையே. ஆகவே இவ்விடத்தில் நமக்கு வேற்றுமையும் இல்லை, பெருமையடித்துக்கொள்ள இடமும் இல்லை.

பையன் இப்போது மீண்டும் வகுப்புக்கு வருகிறான். அவன் கேள்வி தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கேள்வியோடேயே வருகிறான், வரட்டும். லைப்னிட்ஸுக்கும் வால்டேருக்கும் தீராத கேள்வி அது.

நன்கொடையாளப் பெருமக்களே, நீங்கள் தரும் பொருளால் நடக்கும் அன்னதானத்தையும் பிள்ளைகளுக்கான கல்வி உதவியையும் வெறும் தருமக் கணக்காக எண்ணிவிட வேண்டாம். துயருற்ற ஒரு வீட்டில் அடுப்பு எரிவதற்கு நீங்கள் உதவும்போது, இறைவன் இருக்கிறானா என்று அந்த வீட்டுப் பிள்ளை கேட்கும் கேள்விக்கு நீங்கள் ஒரு விடையை அனுப்புகிறீர்கள். என்னைப் போன்ற ஆசிரியர்கள் வாயால் சொல்லும் விடையைவிட அது உறுதியானது. அறிவால் ஆராய்வோம், பிற நாட்டார் ஆராய்ந்ததையும் மதித்துப் படிப்போம், முடிவில் அடியார் கூட்டத்தோடு ஆலயத்து வாசலில் வந்து நிற்போம்.

அனைவருக்கும் இறைவன் திருவருள் கூடுவதாக.

திருச்சிற்றம்பலம்.